தாய்க் குன்றும் தாழிட்ட மலையும்

மலை ஏறுவதில் எனக்குள்ள திறமையைப் பற்றி நேயர்களிடம் முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிடுவது நலம். பழனி மலைப் படிகளில் பாதி தூரம் ஏறியதும், "முருகன் எங்கும் நிறைந்தவன் அல்லவா?" என்ற தத்துவ விசாரத்தில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டவன் நான். ஆகையால், மான்செஸ்டர் நகரத்தில் ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்க்கும் என் மருமான், "மாமா! சனிக்கிழமை மலைக்குப் போவோம், ராத்திரி கூடாரத்தில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம்" என்று சொன்னபோது, என் முழங்கால்கள் இரண்டும் ஏககாலத்தில் ஆட்சேபம் தெரிவித்தன.

"சுலபமான மலைதான், மாமா. குழந்தையே ஏறிவிடுவாள்" என்றான்.

குழந்தைக்கு எட்டு வயது. எட்டு வயதுக் குழந்தை ஏறிவிடுவாள் என்பது அறுபத்திரண்டு வயதுக்காரனுக்கு ஆறுதலா, அவமானமா என்று நான் யோசித்துக் கொண்டிருக்கையிலேயே பிரயாண ஏற்பாடுகள் முடிந்துவிட்டன. மருமானின் மனைவிக்கு அன்று இரவு வேலை. அவள் எங்களுடன் வர முடியாவிட்டாலும், புளியோதரையும் தயிர்ச் சாதமும் கட்டிக் கொடுத்து, என் கழுத்தில் ஒரு மப்ளரையும் சுற்றி அனுப்பி வைத்தாள். ஆகஸ்டு மாதத்தில் மப்ளர் எதற்கு என்று கேட்டேன். "மலை மேலே காற்று அடிக்கும், பெரியப்பா. கழற்றாதீர்கள்" என்றாள். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்பது பிற்பகல் 2 மணிக்குத் தெரிந்தது.

மான்செஸ்டரிலிருந்து ஷெபீல்டுக்குப் போகும் ரயில் பாதையில், முக்கால் மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறது ஈடேல் என்ற சிறு கிராமம். அதை அடைவதற்குச் சற்று முன்னால் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. கௌபர்ன் சுரங்கம் என்று பெயர். 2 மைலுக்கு மேல் நீளம். இருட்டில் கண்ணாடி ஜன்னலில் நம் முகத்தையே பார்த்துச் சலித்துப் போகிற சமயத்தில், திடீரென்று வெளிச்சம். ஊசியிலை மரக் கூட்டம், ஓடை, ஆட்டு மந்தை, கல் வீடுகள், இரண்டு புறமும் பச்சை மலை! தொழிற்சாலை நகரம் ஒன்று அந்தப் பக்கம், எஃகு நகரம் ஒன்று இந்தப் பக்கம். நடுவில் இப்படி ஒரு பள்ளத்தாக்கை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். 1894-ம் வருஷத்தில் ரயில் வந்த பிறகு இந்த இரண்டு நகரங்களின் தொழிலாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து குவிந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே கூடாரம் அடிக்கும் மைதானம் இருக்கிறது. முன்பணம் கட்டியிருந்தபடியால் இடம் கிடைத்தது. கூடாரத்தை அடித்துவிட்டு மலைக்குப் போவது என்று தீர்மானம். மருமானும் குழந்தையும் வேலையைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். எனக்குக் கிடைத்த உத்தியோகம், முளைகள் இருந்த பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது. இரண்டு முளை தொலைந்து போயிற்று. இதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை.

ஈடேலிலிருந்து தெற்கே பார்த்தால், பள்ளத்தாக்கின் கரை போல நீளமாக ஒரு முகடு ஓடுகிறது. அதன் மேற்குக் கோடியில் இருப்பதுதான் மாம் டோர். 'மாம்' என்றால் அம்மா. தாய்க் குன்று என்று பொருள் சொல்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 517 மீட்டர் உயரம், அதாவது சுமார் 1,700 அடி. பயந்துவிட வேண்டாம். கிராமமே பாதி உயரத்தில் இருப்பதால், நாம் ஏற வேண்டியது ஏறக்குறைய 900 அடிதான். போய் வர 5 மைல். பாதை வயல்களின் நடுவே தொடங்கி, நிதானமாக, அவசரமே இல்லாமல், நம் வயதை மதித்து மேலே போகிறது.

சுண்ணாம்பு, மண் ஒன்றும் வைக்காமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் வயலுக்கு வயல் குறுக்கே வருகின்றன. சுவரில் ஒரு மரக் கதவு. அல்லது தாண்டிப் போவதற்கு இரண்டு மூன்று படிகள். பக்கத்தில் 'பொது நடைபாதை' என்று ஒரு கைகாட்டி. வயல் ஒரு குடியானவருடையது, ஆடுகளும் அவருடையவை, நடக்கும் உரிமை மட்டும் ஊர் ஜனங்களுடையது. கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே. குழந்தை ஒவ்வொரு கதவையும் தானே திறந்து, எங்களை உள்ளே விட்டு, தானே தாழிட்டாள். டிக்கெட் கேட்காததுதான் பாக்கி.

முதல் கதவருகில் மருமான் ஒரு விஷயம் சொன்னான்.

"இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூன்று வருஷம் நான் இந்தப் பக்கமே வரவில்லை, மாமா. வெயில் நாளில் ஆஸ்பத்திரி மேல்மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் மலை தெரியும். போகலாமென்று ஆசைதான். ஆனால் அடுத்தவர் வயலுக்குள் எப்படி நுழைவது? நம் நிறத்தைப் பார்த்து யாராவது 'இங்கே உனக்கு என்ன வேலை?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அப்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்பார்களோ என்ற நினைப்பு இருக்கிறதே, அதுவே ஒரு வேலி."

"பிறகு எப்படித் துணிந்தாய்?"

"எங்கள் வார்டில் வயதான நர்ஸ் அம்மாள் ஒருத்தி இருந்தாள். நான் தயங்குவதைக் கேட்டுச் சிரித்தாள். 'இந்த ஊர்க்காரர்களையே அந்த மலையில் விடவில்லை, தெரியுமா? ஜெயிலுக்குப் போய்த்தான் உள்ளே நுழைந்தார்கள்' என்றாள். மேலே போய்ச் சொல்கிறேன். அங்கிருந்துதான் அந்த மலை நன்றாகத் தெரியும்."

ஒரு மணி நேரத்தில் முகட்டின் மேல் ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாயை அடைந்தோம். அங்கேதான் காற்று அடித்தது. அடித்தது என்று சொல்வது போதாது; மப்ளரின் ஒரு நுனி ஈடேல் பள்ளத்தாக்கையும், மற்றொரு நுனி ஹோப் பள்ளத்தாக்கையும் சேவித்துக் கொண்டிருந்தன. ஒரு கல் மேடையின் மறைவில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். இந்தக் கணவாய்க்கு ஒரு சோகமான சரித்திரம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஈடேலுக்குச் சொந்தமாக ஒரு கோயில் கட்டும் வரையில், அவ்வூரில் இறந்தவர்களை இந்த முகட்டின் மேல் சுமந்துதான் மறுபக்கத்துக் காஸல்டன் ஊரில் அடக்கம் செய்தார்களாம். அதனால் இதற்குச் சவப்பெட்டிப் பாதை என்று பெயர்.

பிற்காலத்தில் இதே பாதையில் வேறொரு கூட்டம் எதிர்த் திசையில் நடந்தது. ஈடேலில் 1790-களில் ஒரு பஞ்சாலை ஏற்பட்டது. காஸல்டனிலிருந்து பெண்கள் இந்த முகட்டைத் தாண்டிப் போய் அங்கே நூல் நூற்றார்கள். மழையோ பனியோ, பொழுது விடியுமுன் ஏற்றம், இருட்டிய பின் இறக்கம். நாம் பொழுதுபோக்காக ஏறும் குன்று அவர்களுக்கு ஆபீஸுக்குப் போகும் ரஸ்தா! லங்காஷயர் மில் துணி என்றால் நமக்கு நம்முடைய நெசவாளரின் வயிறுதான் ஞாபகம் வரும், வருவது நியாயமே. ஆனால் அந்த நூலை நூற்ற பெண்ணின் காலில் கொப்புளம் இருந்தது என்பதைக் கையில் புளியோதரையுடன் அந்தக் கணவாயில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் முதலாக நினைத்துப் பார்த்தேன். அந்த ஆலைக் கட்டிடம் இன்றும் இருக்கிறது. நூல் இல்லை, குடியிருப்புகளாக மாற்றிவிட்டார்கள்.

கணவாயிலிருந்து முகட்டின் மேலேயே மேற்கு நோக்கி நடந்தால் ஒரு மைலில் மாம் டோர் சிகரம். பலகைக் கல் பாவிய பாதை. கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம், காற்று அனுமதித்தால். சிகரத்தைச் சுற்றி மண் அணைகள் போல வளையங்கள் தெரிகின்றன. ஏறக்குறைய 3,000 வருஷங்களுக்கு முன் இங்கே ஜனங்கள் குடிசை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். பின்னர் கோட்டை கட்டியிருக்கிறார்கள். அவர்கள் காற்றைச் சட்டை செய்யாதவர்களாக இருந்திருக்க வேண்டும்.

தாய்க் குன்றுக்கு 'நடுங்கும் மலை' என்று இன்னொரு பெயரும் உண்டு. மணற்கல்லும், சீக்கிரம் பொடிந்து போகும் களிக்கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால், கிழக்கு முகம் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சரிந்துகொண்டே இருக்கிறது. இது தெரிந்திருந்தும் அந்தச் சரிவின் மேலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலை போட்டார்கள். மலை அதைக் கீழே தள்ளிற்று. மறுபடி போட்டார்கள், மறுபடி தள்ளிற்று. இப்படியே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மலைக்கும் இஞ்சினீயர்களுக்கும் மல்யுத்தம் நடந்து, 1979-ம் வருஷத்தில் இஞ்சினீயர்கள் கும்பிடு போட்டுவிட்டார்கள். சிகரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சாலை, யாரோ கடித்துப் போட்ட கரும்பு மாதிரித் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

உச்சியில் சர்வேக்காரர்கள் நிறுத்திய ஒரு கல் தூண். அதைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ள நல்ல கூட்டம். குழந்தையைத் தோளில் சுமந்த தகப்பனார்கள், முக்காடு போட்ட முஸ்லிம் பெண்கள், சீன மாணவர்கள், கையில் தடியுடன் என்னைவிட வயதான ஓர் ஆங்கிலேயத் தம்பதி. அந்தத் தம்பதி என் வேஷ்டியைப் பார்த்து, "காற்றுக்குத் தாங்குமா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். உள்ளே கம்பளிக் கால்சராய் இருக்கும் இரகசியத்தை அவர்களிடம் சொன்னேன்.

தெற்கே காஸல்டன் ஊரும், அதன் மேல் நார்மன் காலத்துப் பெவரில் கோட்டையும், வின்னட்ஸ் என்னும் செங்குத்தான கணவாயும். கிழக்கே ஹோப் பள்ளத்தாக்கின் நடுவில், இயற்கை அழகை ரசிக்கும் கண்ணுக்குத் திருஷ்டி பரிகாரம் போல, ஒரு சிமெண்டு ஆலையின் புகைபோக்கி. வடக்கேதான் மருமான் கையைக் காட்டினான். ஈடேலுக்கு அப்பால், சிகரம் என்று ஒன்று இல்லாமல், நீண்டு பரந்து, மேலே தட்டையாக, ஹெதர் செடிகள் பூத்து ஊதா நிறமாகக் கிடந்தது ஒரு பெரிய மலை. அதுதான் கிண்டர் ஸ்கௌட். 636 மீட்டர் உயரம். இந்த ஜில்லாவில் அதற்கு மேல் மலை இல்லை.

"நாம் நடந்து வந்த முகட்டில் பழங்காலத்திலிருந்தே பாதை உண்டு, மாமா. பூட்டி வைத்திருந்தது அந்த மலையைத்தான்."

பூட்டியவர்கள் பிரபுக்களும் ஜமீன்தார்களும். பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலங்களைப் பார்லிமெண்டுச் சட்டங்களின் மூலம் வளைத்துக்கொண்ட பிறகு, மேலே க்ரௌஸ் என்னும் பறவையை வளர்த்தார்கள். வளர்த்தது கருணையினால் அல்ல, ஆகஸ்டு 12-ந் தேதி முதல் சுடுவதற்கு. பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக மனிதர்களை விரட்டத் தடி பிடித்த காவலாட்கள். கீழே இரண்டு பெரிய நகரங்களில் புகையும் வேலையில்லாத் திண்டாட்டமும். மேலே வருஷத்தில் சில நாள் வேட்டைக்காக மைல் கணக்கில் காலி நிலம்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேபீல்டு என்ற ஊரில் சுமார் 400 வாலிபர்கள் கூடினார்கள். ஒரு பழைய கற்குழியில் பாறை மேல் ஏறி நின்று அவர்களிடம் பேசியவர் பென்னி ராத்மன். வயது இருபது. ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதப் பெற்றோருக்கு மான்செஸ்டரில் பிறந்தவர். வேறு யாரோ பேச வேண்டியது, கடைசி நிமிஷத்தில் இவர் தலையில் விழுந்தது என்று சொல்வார்கள். எல்லாரும் பகிரங்கமாக, பாட்டுப் பாடிக்கொண்டு, தடுக்கப்பட்ட மலை மேல் ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு ஏற்பட்டு ஒரு காவலாளுக்குக் காயம்பட்டது. ஈடேல் வழியாக ஏறி வந்த ஷெபீல்டு கோஷ்டியை மேலே சந்தித்துச் சந்தோஷ ஆரவாரம் செய்துவிட்டு, வந்தபடியே இறங்கினார்கள். கீழே போலீஸ் காத்திருந்தது.

அடுத்தவர் நிலத்தில் நடப்பது அந்நாட்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றமல்ல. ஆகவே கலகம், அடிதடி என்று வழக்குத் தொடர்ந்து, டார்பி கோர்ட்டில் ஐந்து பேருக்கு 2 மாதத்திலிருந்து 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதித்தார்கள். ராத்மனுக்கு 4 மாதம். தண்டனையைக் கேட்டு, அதுவரை ஒதுங்கி நின்ற மிதவாதிகளுக்குக்கூட மனம் கொதித்தது. அதோ தெரிகிற வின்னட்ஸ் கணவாயில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி வழி கேட்டார்கள்.

சட்டத்தைச் சொல்லிவிட்டு மீறுவது, பிறகு சிறைக்குப் போவது! கேட்கும்போது எனக்கு வேறொரு கடற்கரை ஞாபகம் வந்தது. தண்டி யாத்திரை நடந்தது 1930-ல். 1931 செப்டம்பரில் மகாத்மா வட்ட மேஜை மகாநாட்டுக்கு வந்திருந்தபோது, மான்செஸ்டருக்கு வடக்கே டார்வென் ஊருக்குப் போய், நம்முடைய அன்னியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளிகளை நேரில் சந்தித்தார். அவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரித்தது படமாகவே இருக்கிறது. அதற்கு ஏழு மாதம் கழித்துக் கிண்டர் மலை ஏற்றம். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று முடிச்சுப் போட நான் வரவில்லை. இங்கிலாந்தில் இந்த வழக்கு அதற்கு முன்பே பல வருஷங்களாக நடந்துகொண்டிருந்ததுதான்.

அது இருக்கட்டும். நம் ஊரில் மலையடிவாரத்து ஜனங்களுக்கு மலை அன்னியமானது எப்போது? 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தோடு. மாடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் சர்க்கார் உத்தரவு தேவையாயிற்று. அந்தச் சட்டத்தைச் செய்த துரைமார்களின் சொந்த ஊரில், அதே வேலியை அவர்களுடைய சொந்த ஜனங்களுக்கே போட்டிருந்தார்கள் என்பதை எந்தச் சரித்திர வாத்தியாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தாத்தா! இப்போது அந்த மலை யாருடையது?" என்று குழந்தை கேட்டாள்.

மருமான் பதில் சொன்னான். 1949-ல் சட்டம் வந்தது. 1951-ல் இந்தப் பிரதேசம் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1965-ல் ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரையில் 268 மைல் நீளமுள்ள பென்னைன் வழி என்ற நடைபாதை திறக்கப்பட்டது; நாள் அதே ஏப்ரல் 24. கிண்டர் மலையை 1982-ல் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. பாதையை விட்டு விலகியும் மலைவெளிகளில் நடக்கலாம் என்ற உரிமை 2000-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் கிடைத்தது. 2002-ல், அந்தச் சம்பவத்தின் எழுபதாவது ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் காலத்தில் நடந்ததற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே வருஷம் ஜனவரியில் காலமாகியிருந்தார்.

குழந்தை இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அங்கேயே கூடாரம் போடலாமே!" என்றாள்.

கெட்டிக்காரக் கேள்வி. போட முடியாது! நடக்கும் உரிமை வந்ததே ஒழிய, உறங்கும் உரிமை வரவில்லை. ஸ்காட்லாந்தில் 2003-ம் வருஷத்துச் சட்டப்படி மலையில் கூடாரம் அடிக்கலாம். இங்கிலாந்தில் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் கூடாது. தெற்கே டார்ட்மூர் என்னும் பொதுமேடு ஒன்றுதான் பெரிய விலக்கு. அதையும் ஒரு நிலச் சொந்தக்காரர் கோர்ட்டுக்கு இழுத்து, 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஜனங்களின் பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே, கிண்டர் மலையைப் பார்த்துக்கொண்டே, அதன் அடிவாரத்தில், காசு கொடுத்து வாங்கிய இடத்துக்குத் திரும்பினோம். வழியில் எல்லாக் கதவுகளும் முறைப்படி தாழிடப்பட்டன.

காசு கொடுத்த இடமானாலும் குறை சொல்வதற்கில்லை. வெந்நீர் உண்டு, சுத்தமான குளியலறை உண்டு. தரையில் நெருப்பு மூட்டக் கூடாது, இரவு சப்தம் போடக் கூடாது என்று நிபந்தனைகள். சிறிய அடுப்பில் மருமான் காப்பி போட்டான். ஆகஸ்டு மாதமாதலால் எட்டு மணி வரையில் வெளிச்சம் இருந்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரர், என்னால் தொலைந்த முளைகளுக்குப் பதில் இரண்டு முளை கொடுத்து உதவினார். அவர் மறுநாள் பென்னைன் வழியில் கிளம்பப் போகிறவர். அந்தப் பாதையில் சேற்று நிலம் உள்ள இடங்களில், இடித்துத் தள்ளிய பஞ்சாலைகளின் தளக் கற்களைக் கொண்டுவந்து பாவியிருக்கிறார்களாம். சில கற்களில் இயந்திரத்தை முடுக்கிய துளைகள் இன்னும் இருக்கின்றனவாம். அதைக் கேட்டதிலிருந்து, ஒரு துளையையாவது பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று எனக்கு ஒரு பிடிவாதம் பிறந்துவிட்டது. முழங்கால்களிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இரவு மழை பெய்தது. கூடாரத்தின் மேல் மழை விழும் சப்தம், ஓலைக் கூரையின் மேல் விழுவது போல் இராது. யாரோ தலைமாட்டில் உட்கார்ந்து அரிசி புடைப்பது போல் இருக்கும். மூன்று பேருக்கு என்று விற்கப்பட்ட அந்தக் கூடாரத்தில் மூன்று பேர் எப்படிப் படுப்பது என்பதைத் தயாரித்தவர்கள் வந்து காட்ட வேண்டும். ஆனாலும் தூங்கினேன்; மப்ளரோடு.

விடியற்காலையில் குழந்தை என்னைத் தட்டி எழுப்பினாள். கூடாரத்தின் வாயிலைத் திறந்து தலையை வெளியே நீட்டியிருந்தாள். பனிமூட்டம் இறங்கி, வடக்கே கிண்டர் மலை இருந்த இடமே தெரியவில்லை. கல் சுவர் இரண்டு, ஆடு நாலு, அதற்கு மேல் ஒரே வெள்ளை.

"தாத்தா! மலையை மறுபடியும் பூட்டிவிட்டார்களா?"

"மேகம்தான் அம்மா. ஒன்பது மணிக்கு மேல் திறந்துவிடும்" என்றான் மருமான், போர்வைக்குள்ளிருந்தே.

ஒன்பது மணிக்குத் திறக்கவில்லை. பத்து மணி சுமாருக்கு, ஊதா நிறமாக ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது. மிச்சமிருந்த தயிர்ச் சாதத்தைக் குழந்தையின் பைக்குள் வைத்துக்கொண்டு, நாங்கள் பிடிக்க வேண்டியிருந்த ரயில் சுரங்கத்தை நோக்கிப் போவதைப் பார்த்தவாறே, பென்னைன் வழியின் முதல் கதவைத் திறந்தோம்.